சூழ்நிலைச் சீட்டைக் கட்டில் சேர்ப்பதா, விடுவதா? ஹார்த்ஸ்டோனுக்குப் புதியவர்களுக்கு ஒரு கணக்குமுறை

ஹார்த்ஸ்டோன் என்ற கணினிச் சீட்டாட்டத்தை ஆடத் தொடங்கிய சில வாரங்களில் எல்லோருக்கும் ஓர் அனுபவம் வாய்க்கும். எதிராளி ஏந்தி அடிக்கும் ஆயுதச் சீட்டு ஒன்றினாலேயே தொடர்ந்து நான்கு ஆட்டங்கள் தோற்றிருப்போம். உடனே ஆயுதத்தை உடைக்கும் சீட்டு ஒன்றைத் தேடி எடுத்து, ஆட்டத்துக்கு நாம் கொண்டுவரும் சீட்டுகளின் கட்டில் சேர்ப்போம். அடுத்த நான்கு ஆட்டங்களில் ஆயுதம் ஏந்திய எதிராளி ஒருவர்கூட வராமல், அந்தச் சீட்டு கையில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். அந்தச் சீட்டு நல்லதா, கெட்டதா என்று அப்போது கேட்பது பொருந்தாத கேள்வி. அதன் மதிப்பு அதன்மேல் எழுதியிருப்பதில் பாதிதான் இருக்கிறது. மீதிப் பாதி எதிரே உட்காருபவர்கள் எதைக் கொண்டுவருகிறார்கள் என்பதில் இருக்கிறது. 304 என்ற சீட்டாட்டத்தை ஆடியவர்களுக்கு இது எளிதில் பிடிபடும்: மறைத்து வைத்த துருப்பு எந்த இனம் என்று தெரியும்வரை, கையிலிருக்கும் ஏழுக்கு என்ன மதிப்பு என்று யாராலும் சொல்ல முடியாது.

குறிப்பிட்ட எதிராளிக்கு எதிராக மட்டும் முழுப் பயன் தரும் இத்தகைய சீட்டை ஆட்டக்காரர்கள் டெக் (tech) கார்டு என்பார்கள். முழுக் கட்டையும் தமிழ் எழுத்தில் டெக் (deck) என்றே எழுதுவதால் குழப்பம் வரும். ஆகவே இங்கே முன்னதைச் சூழ்நிலைச் சீட்டு என்றும், பின்னதைக் கட்டு என்றும் சொல்கிறேன். வழக்கமான கட்டில் 30 சீட்டுகள். ஒரே சீட்டில் இரண்டு பிரதிகள் வரை வைக்கலாம். லெஜண்டரி எனப்படும் அரிய வகைச் சீட்டு என்றால் ஒன்றுதான். ஆட்டம் தொடங்கிய பிறகு கட்டை மாற்ற முடியாது என்பதால், முடிவு முழுவதும் முன்கூட்டியே எடுக்கப்பட வேண்டும்.

படி 1: சீட்டை உடலாகவும் நிபந்தனையாகவும் பிரித்துப் படியுங்கள்

நிபந்தனை நிறைவேறாதபோது கையில் மிஞ்சுவது எதுவோ அதுவே சீட்டின் உடல். அசிடிக் ஸ்வாம்ப் ஊஸ் என்ற மினியனுக்கு (களத்தில் நின்று சண்டையிடும் சீட்டு) விலை 2 மானா (சீட்டை இறக்கச் செலவாகும் புள்ளி), தாக்குதல் 3, உயிர் 2. களத்தில் இறங்கும்போது எதிராளியின் ஆயுதத்தை உடைக்கும். ப்ளட்ஃபென் ராப்டர் என்ற சாதாரண மினியனுக்கும் அதே விலை, அதே தாக்குதல், அதே உயிர். வேறு ஆற்றல் எதுவும் கிடையாது. அதாவது ஆயுதமே இல்லாத எதிராளிக்கு எதிராகவும் ஊஸ் ஒரு சராசரி 2 மானா மினியனாக நின்று வேலை செய்யும். ஹங்ரி கிராப் அப்படியில்லை. 1 மானாவுக்கு 1 தாக்குதலும் 2 உயிரும் கொண்ட அந்த நண்டு, களத்தில் ஒரு மர்லாக் (மீன்மனித இன மினியன்) இருந்தால் அதை அழித்துவிட்டுத் தாக்குதலிலும் உயிரிலும் இரண்டிரண்டு கூட்டிக்கொள்ளும். மர்லாக் இல்லையென்றால் கிட்டத்தட்ட அரைச் சீட்டை வீணாக்கியதற்குச் சமம்.

ஆகவே எந்தச் சூழ்நிலைச் சீட்டைப் பார்த்தாலும், அதன் நிபந்தனை வரியைக் கையால் மறைத்துக்கொண்டு, மிச்சமிருப்பதை மட்டும் கட்டில் வைக்கத் துணிவீர்களா என்று முதலில் கேளுங்கள். பதில் எவ்வளவு தயக்கத்துடன் வருகிறதோ, அவ்வளவு அதிகமாக நிபந்தனை நிறைவேறியாக வேண்டும்.

படி 2: 40 ஆட்டங்களை எழுதி வையுங்கள்

நினைவை நம்பக் கூடாது. தோற்ற ஆட்டங்கள் மனத்தில் பெரிதாகத் தங்கும். ஆயுதத்தால் இரண்டு முறை அடிபட்டவர் எல்லோரிடமும் ஆயுதம் இருப்பதாகச் சத்தியம் செய்வார். ஒரு நோட்டில் மூன்று பத்திகள் போதும்: எதிராளியின் வகுப்பும் (அவர் ஏற்கும் ஹீரோவின் வகை) கட்டின் வகையும், நான் சேர்க்க நினைக்கும் சீட்டுக்கு இலக்கு இருந்ததா, அந்தச் சீட்டு கையில் இருந்திருந்தால் அதை இறக்கக்கூடிய நேரத்தில் அந்த இலக்கு களத்தில் நின்றதா. இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றல்ல என்பதைக் கவனியுங்கள். சரியான நேரத்துக்காக ஆயுதத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்த எதிராளி இரண்டாம் பத்தியில் சேருவார், மூன்றாம் பத்தியில் சேரமாட்டார்.

அரைக் கணக்கும் உண்டு. ரோக் வகுப்பின் ஹீரோ பவர் (சீட்டு இல்லாமலே பயன்படுத்தும் ஆற்றல்) 2 மானாவுக்கு 1 தாக்குதலும் இரண்டு முறை பயன்பாடும் கொண்ட சிறு கத்தியைத் தருகிறது. ஊஸ் அதையும் உடைக்கும். ஆனால் பெரிய ஆயுதத்தை உடைப்பதற்கு அது ஈடாகாது. இதை நான் பாதி மதிப்பெண்ணாகக் குறித்துக்கொள்வேன்.

40 என்ற எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. பத்து ஆட்டங்களில் தற்செயலின் ஆதிக்கம் மிக அதிகம். நூறு ஆட்டங்கள் எழுதி முடிப்பதற்குள் சூழல் மாறிவிடும். நாற்பது, ஒரு வாரத்தில் முடிக்கக்கூடிய அளவு.

படி 3: லாபத்தையும் இழப்பையும் ஒரே அளவுகோலில் வையுங்கள்

இந்த விளக்கத்தின் உயிர் இந்தப் படிதான், நிதானமாகப் படியுங்கள். ஒரு சராசரிச் சீட்டின் பயனை 1 என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் எண்கள் என் மதிப்பீடு. உங்கள் கட்டுக்கு அவை சற்று வேறுபடலாம்.

ஊஸ் தன் இலக்கைப் பிடித்தால் ஒரு சீட்டுக்குச் சமமான கூடுதல் லாபம், அதாவது 1. இலக்கு இல்லையென்றால், அந்த இடத்தில் வைத்திருக்கக்கூடிய சிறந்த 2 மானா சீட்டோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 0.2 இழப்பு. இழப்பை, லாபமும் இழப்பும் சேர்ந்த தொகையால் வகுத்தால் சமநிலைப் புள்ளி கிடைக்கும்: 0.2-ஐ 1.2-ஆல் வகுக்க 17 சதவீதம். 40 ஆட்டங்களில் 7 முறை இலக்கு கிடைத்தாலே ஊஸ் தன் இடத்துக்கு வாடகை கொடுத்துவிடுகிறது.

நண்டுக்கு, இலக்கு கிடைத்தால் லாபம் 1.5 என்று வைக்கலாம்; ஒரு மினியனை அழிப்பதோடு, 1 மானாவுக்கு 3 தாக்குதலும் 4 உயிரும் கொண்ட மினியனாகவும் அது நிற்கிறது. கிடைக்காவிட்டால் இழப்பு 0.5. சமநிலைப் புள்ளி 25 சதவீதம். அதாவது 40 ஆட்டங்களில் 10.

இப்போது உங்கள் நோட்டில் ஆயுதக் கட்டுகள் 12, மர்லாக் கட்டுகள் 12 என்றும், இரண்டிலும் தக்க நேரத்தில் இலக்கு களத்தில் நின்றது 8 முறை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 8-ஐ 40-ஆல் வகுத்தால் 20 சதவீதம். ஊஸ் உள்ளே வரலாம். அதே எண்ணிக்கை இருந்தும் நண்டு வெளியே நிற்க வேண்டும். இலக்கு கிடைத்த அன்று நண்டுதான் அதிகம் கொண்டாடப்படும் சீட்டு என்பதால், புதியவர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

முப்பதில் ஒரு சீட்டு கைக்கு வருவதே அரிது, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாமா என்று நியாயமாகவே கேட்கலாம். வேண்டாம். சீட்டு கைக்கு வராத ஆட்டத்தில் அதனால் லாபமும் இல்லை, இழப்பும் இல்லை. ஆகவே சமநிலைப் புள்ளி நகராது. எத்தனை பிரதிகள் வைப்பது என்ற கேள்விக்குத்தான் அது தேவைப்படும். முதலில் ஆடுபவர், தொடக்கச் சீட்டுகள் எதையும் மாற்றாவிட்டால், தன் ஐந்தாவது முறை ஆடும்போது 8 சீட்டுகளைப் பார்த்திருப்பார். ஒரு பிரதி வைத்திருந்தால் அது வந்திருக்கும் வாய்ப்பு 27 சதவீதம், இரண்டு வைத்திருந்தால் ஒன்றாவது வந்திருக்கும் வாய்ப்பு 47 சதவீதம். புதியவர்களுக்கு நான் சொல்வது ஒரு பிரதி மட்டுமே. இரண்டாவது ஊஸ் வரும் நேரத்தில் உடைக்க ஆயுதம் மிஞ்சியிருப்பதில்லை.

படி 4: சீட்டின் வாசகத்தில் உள்ள கண்ணிகளைப் பாருங்கள்

ஹங்ரி கிராப் அழிப்பது ஒரு மர்லாக்கை. எதிராளியின் மர்லாக்கை மட்டும் என்று எழுதியிருக்கவில்லை. களத்தில் உங்கள் மர்லாக் மட்டும் நின்றால், இலக்கு இருக்கும்போது தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்ற விதிப்படி, உங்களுடையதே பலியாகும்.

ஹாரிசன் ஜோன்ஸ் இன்னொரு பாடம். 5 மானாவுக்கு வரும் இவர் ஆயுதத்தை உடைப்பதோடு, அந்த ஆயுதத்தில் எத்தனை பயன்பாடு மிச்சமிருந்ததோ அத்தனை சீட்டுகளை உங்களுக்கு எடுத்துத் தருவார். டூம்ஹேமர் என்ற ஆயுதத்துக்கு 8 பயன்பாடு. எதிராளி அதை எடுத்த முறையிலேயே இருமுறை அடித்திருந்தால் 6 மிச்சம். கேட்கவே இனிக்கிறது. ஆனால் கையில் 10 சீட்டுகளுக்கு மேல் தங்காது. ஹாரிசனை இறக்கிய பின் கையில் 6 இருந்தால், வரும் ஆறில் நான்கு தங்கி இரண்டு எரிந்து போகும். நிபந்தனை எதிராளியிடம் மட்டும் இருப்பதில்லை, நம் கையிலும் இருக்கிறது.

படி 5: எந்த ஆட்டத்தை அது மாற்றுகிறது என்று கேளுங்கள்

மர்லாக் கட்டுகளை ஏற்கெனவே பத்துக்கு ஏழு முறை வெல்கிறீர்கள் என்றால், நண்டு வெற்றியைக் கூட்டுவதில்லை. வெல்லவிருந்த ஆட்டத்தைச் சற்று விரைவாக முடிக்கிறது. எப்படியும் தோற்கும் எதிராளிக்கு எதிராகவும் ஒரே சீட்டு பெரிதாக எதுவும் செய்யாது. இழுபறியாக முடியும் ஆட்டங்களில்தான் அது ஒரு வெற்றியை இந்தப் பக்கம் இழுக்கும். நோட்டில் இழுபறியாக முடிந்த ஆட்டங்களுக்கு ஒரு புள்ளி வைத்து வாருங்கள். படி 3-இன் கணக்கு எல்லைக்கோட்டில் நிற்கும்போது அந்தப் புள்ளிகளை வைத்து முடிவெடுங்கள்.

படி 6: மதிப்பு எதனால் மாறுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

பிக் கேம் ஹண்டரின் கதையைப் போல இதை விளக்குவது வேறில்லை. 7 அல்லது அதற்கு மேல் தாக்குதல் உள்ள ஒரு மினியனை அழிக்கும் அந்தச் சீட்டுக்குத் தொடக்கத்தில் விலை 3 மானா. உடல் 4 தாக்குதல், 2 உயிர். 2014 டிசம்பரில் கோப்ளின்ஸ் வெர்சஸ் நோம்ஸ் என்ற புதிய சீட்டுத் தொகுப்போடு டாக்டர் பூம் என்ற மினியன் வந்தார்: 7 மானா, 7 தாக்குதல், 7 உயிர், கூடவே இரண்டு வெடிப்பொம்மைகள். பெரும்பாலான கட்டுகளில் அவர் ஏறிக்கொண்டதும், சூழ்நிலைச் சீட்டாக இருந்த ஹண்டர் ஏறக்குறைய நிரந்தரச் சீட்டாகிவிட்டார். அதன் பின்விளைவு இன்னும் ஆழமானது. 7 தாக்குதல் உள்ள வேறு மினியன்களைக் கட்டில் வைக்கவே ஆட்டக்காரர்கள் தயங்கினார்கள். ஹண்டர் எதிராளியிடம் இல்லாத ஆட்டத்தில்கூட, அவர் இருக்கலாம் என்ற அச்சமே கட்டுகளின் வடிவத்தை மாற்றியது. 2016 ஏப்ரலில் அண்மைத் தொகுப்புகளின் சீட்டுகளை மட்டுமே பெரும்பாலும் அனுமதிக்கும் ஸ்டாண்டர்ட் முறை அறிமுகமானபோது டாக்டர் பூம் அந்த முறைக்கு வெளியே போனார்; அதே சமயத்தில் ஹண்டரின் விலையும் 5 மானாவாக உயர்த்தப்பட்டது. ஒருபுறம் இலக்கு குறைந்தது, மறுபுறம் இலக்கு இல்லாதபோது ஏற்படும் இழப்பு கூடியது. சமநிலைப் புள்ளி மேலே ஏறும்போது கிடைக்கும் வாய்ப்பு கீழே இறங்கினால், சீட்டு கட்டிலிருந்து மறைவது இயல்பு.

ஸ்கல்கிங் கைஸ்ட் இதைவிடக் குறுகிய இலக்கைக் கொண்டது. 2017 ஆகஸ்டில் வந்த இந்த 6 மானா மினியன், இரு ஆட்டக்காரர்களின் கையிலும் கட்டிலும் உள்ள 1 மானா மந்திரச் சீட்டுகள் அனைத்தையும் அழிக்கும். அப்போது ட்ரூயிட் வகுப்பின் கட்டுகளில் ஜேட் ஐடல் என்ற 1 மானா மந்திரம் இருந்தது. ஒவ்வொரு முறையும் முன்னதைவிடப் பெரிய பொம்மையை எழுப்பலாம், அல்லது அதே மந்திரத்தின் மூன்று பிரதிகளைக் கட்டுக்குள் கலக்கலாம். பிரதிகளைக் கலக்கும்வரை ட்ரூயிட்டின் கட்டு தீராது என்பதால், பொறுமையாக ஆடி வெல்லும் கட்டுகளுக்கு விடிவே இல்லை. கைஸ்ட் அந்தக் கதவைத் திறந்தது. 2018 ஏப்ரலில் ஜேட் ஐடல் ஸ்டாண்டர்டை விட்டு வெளியேறியபோது, கைஸ்டின் வாசகத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அதை வைத்திருப்பதற்கான முதன்மைக் காரணம் மட்டும் போய்விட்டது.

பெரிய மாற்றங்கள் இல்லாத வாரங்களிலும் சக்கரம் சுற்றிக்கொண்டேயிருக்கும். ஆயுதக் கட்டுகள் பெருகினால் ஊஸ் பெருகும். ஊஸ் பெருகினால் ஆயுதக் கட்டுகளை ஆடுபவர்கள் தோற்று வேறு கட்டுக்கு மாறுவார்கள். பிறகு ஊஸ்களுக்கு உடைக்க ஒன்றும் இருக்காது. எல்லோரும் ஒரு சீட்டைப் புகழும் நேரத்தில் அதைச் சேர்ப்பவர், பெரும்பாலும் இந்தச் சுற்றின் கடைசியில் வந்து சேருகிறார்.

படி 7: இழப்பைக் குறைக்கும் சீட்டுகள் இருந்தால் அவற்றை முதலில் எடுங்கள்

ஆட்டத்தை வடிவமைப்பவர்களும் இந்தச் சிக்கலை அறிந்தவர்களே. 2021 ஆகஸ்டில் வந்த தொகுப்பில் டிரேடபிள் என்ற ஆற்றல் அறிமுகமானது: 1 மானா கொடுத்து அந்தச் சீட்டைக் கட்டுக்குள் திருப்பிவிட்டு வேறொன்றை எடுத்துக்கொள்ளலாம். 3 மானாவுக்கு வரும் ரஸ்ட்ராட் வைப்பர் ஆயுதத்தை உடைக்கும், தேவையில்லையென்றால் மாற்றிக்கொள்ளலாம். படி 3-இன் கணக்கில் இழப்பு ஏறத்தாழ 1 மானாவாகச் சுருங்குவதால், மிகக் குறைந்த வாய்ப்பிலும் அது கட்டில் நிற்கத் தகுதி பெறுகிறது. 2023 ஏப்ரலில் வந்த ஈ.டி.சி. பேண்ட் மேனேஜர் இன்னொரு வழியைத் தந்தது. கட்டு அமைக்கும்போதே மூன்று சீட்டுகளைத் தனியே ஒதுக்கி வைத்து, அவரைக் களத்தில் இறக்கும்போது அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் ஆடும் முறையில் இத்தகைய சீட்டு இப்போது அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருந்தால் அதற்கே முதலிடம் கொடுங்கள்.

படி 8: எடுத்துவிடும் நாளையும் முன்பே குறியுங்கள்

சேர்க்கும்போது போட்ட அதே கணக்குதான் நீக்கவும் பயன்படும். சீட்டின் சமநிலைப் புள்ளியை நோட்டின் மேல்பக்கத்தில் எழுதி வையுங்கள். 20 ஆட்டங்களுக்கு ஒருமுறை கடைசி 40-ஐ மட்டும் எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை புள்ளிக்குக் கீழே போனால், நேற்று அந்தச் சீட்டால் எவ்வளவு அழகாக வென்றிருந்தாலும் அன்றே எடுத்துவிடுங்கள். எண்ணிக்கை சரியாகப் புள்ளியின் மேலேயே நின்றால் இன்னும் பத்து ஆட்டங்கள் பொறுக்கலாம். சீட்டுகளின் விலையோ வலுவோ மாற்றப்பட்ட அறிவிப்பு வந்தாலும், புதிய தொகுப்பு வெளியானாலும், பழைய பக்கத்தைக் கோடு போட்டு மூடிவிட்டு முதல் ஆட்டத்திலிருந்து எண்ணத் தொடங்குங்கள். அந்த முதல் வாரத்தில் சூழ்நிலைச் சீட்டு எதையும் சேர்க்காமல் ஆடுவதே என் வழக்கம்.