சென்னையில் இருந்து ஸ்குவாஷ் புரொபஷனல் ஆவது எப்படி: 19 வயதுக்குப் பிறகு வரும் வருடங்களை முதலில் யோசியுங்கள்

2025 டிசம்பரில் எக்ஸ்பிரஸ் அவென்யூ மாலில் கண்ணாடி கோர்ட் போட்டு நடந்த உலகக் கோப்பை இறுதியில் இந்தியா ஹாங்காங்கை 3-0 என்று வென்று முதல் முறையாகக் கோப்பையை எடுத்த பிறகு, ஸ்குவாஷ் பற்றி விசாரிக்கிற அப்பா அம்மாக்கள் நம்ம ஊரில் கூடிவிட்டார்கள். எங்கே சேர்ப்பது, எத்தனை வயதில் ஆரம்பிப்பது, எவ்வளவு செலவாகும், இந்த மூன்றுதான் எல்லோரும் கேட்பது. எல்லாவற்றுக்கும் வருகிறேன். ஆனால் யாரும் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த விளையாட்டில் ஒரு சாம்பியன் உருவாவது பத்து வயதிலோ பதினைந்து வயதிலோ இல்லை, அண்டர் 19 முடிந்து ஜூனியர் போட்டிகளின் கதவு சாத்திக்கொண்ட பிறகு வருகிற ஐந்தாறு வருடங்களில்தான். அந்த வருடங்களைத் தாங்குகிற உடம்பும், ஆட்டமும், பணமும் உள்ளவர்தான் மேலே போகிறார்.

ஜோஷ்னா சின்னப்பாவைப் பாருங்கள். சென்னையில் 1986-ல் பிறந்தவர், சின்ன வயதிலேயே தேசிய சாம்பியன் ஆனவர், ஆனால் உலகத் தரவரிசையில் முதல் பத்துக்குள் வந்தது 2016-ல், முப்பதை நெருங்கும்போது. கொல்கத்தாவில் இருந்து பயிற்சிக்காகவே சென்னைக்கு வந்த சௌரவ் கோஷல் ஜூனியரில் உலகின் முதல் இடத்தில் இருந்தவர். அவருக்கே சீனியரில் முதல் பத்தைத் தொட 2019 வரை ஆனது, வயது 32. தீபிகா பள்ளிக்கல் மட்டும்தான் 2012-ல், 21 வயதில் அங்கே போய்ச் சேர்ந்தார். உங்கள் பெண்ணோ பையனோ தீபிகா மாதிரி சீக்கிரம் வரலாம், ஆனால் ஜோஷ்னா மாதிரி பத்து வருடத்துக்கு மேல் ஆகும் என்று வைத்துத் திட்டம் போடுங்கள்.

சரி, எங்கே ஆரம்பிப்பது. சென்னையில் முக்கியமான இடம் நேரு பார்க்கில் இருக்கும் இந்தியன் ஸ்குவாஷ் அகாடமி, நேரு பார்க் மெட்ரோவில் இறங்கிப் போய்விடலாம். சைரஸ் போன்சாவும் மலேசியாவில் இருந்து வந்த மேஜர் மணியமும் பல வருடங்கள் பயிற்சி கொடுத்த இடம், இந்திய அணியில் ஆடிய பலர் இங்கே வளர்ந்தவர்கள். சேப்பாக்கத்து மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் மாதிரி சில கிளப்புகளிலும் கோர்ட் உண்டு, ஆனால் அங்கே உறுப்பினராக இருக்க வேண்டும். அகாடமியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டிடத்தையோ ஏசியையோ பார்க்காதீர்கள். உங்கள் பிள்ளையை விடக் கொஞ்சம் நன்றாக ஆடுகிற, வேறு வேறு பாணியில் ஆடுகிற பிள்ளைகள் அங்கே எத்தனை பேர் என்று பாருங்கள். எகிப்து இன்றைக்கு இந்த விளையாட்டை ஆள்வதற்குப் பெரிய காரணமே இதுதான், கெய்ரோவிலும் அலெக்சாண்டிரியாவிலும் ஒரே ஊருக்குள் கிளப் கிளப்பாகப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் வாரா வாரம் மோதிக்கொண்டே வளர்கிறார்கள். கோச் ஒருவரே எல்லாம் கொடுத்துவிட முடியாது, எதிரே ஆடுகிறவர்களும்தான் கற்றுக்கொடுக்கிறார்கள்.

ஏழெட்டு வயதில் ஆரம்பித்தால் போதும். பதினொன்றில் ஆரம்பித்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. ராக்கெட்டில் பணத்தைக் கொட்ட வேண்டாம், எடை குறைவான ஒன்று இருந்தால் சரி. ஷூவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், தரையில் தடம் விடாத அடிப்பாகம் உள்ள, பக்கவாட்டில் காலைப் பிடித்து நிறுத்துகிற இண்டோர் ஷூ வேண்டும். ஓட்டத்துக்கான ஷூவைப் போட்டு இறக்கிவிட்டால் கணுக்கால் மடங்கிவிடும். கண் காப்புக் கண்ணாடி கட்டாயம். ஸ்குவாஷ் பந்தின் விட்டம் சுமார் 40 மில்லிமீட்டர், டென்னிஸ் பந்து மாதிரி கண்ணைச் சுற்றியுள்ள எலும்பில் நின்றுவிடாது, நேரே கண் குழிக்குள் போய் இடிக்கும். இதில் விவாதமே இல்லை.

அப்புறம் பந்து. இரண்டு மஞ்சள் புள்ளி உள்ள பந்தில்தான் புரொபஷனல்கள் ஆடுகிறார்கள் என்பதற்காகப் பலர் முதல் நாளே அதை வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பந்து வேகமாக அடி வாங்கிச் சூடானால்தான் எழும்பும். எட்டு வயதுக் குழந்தையின் அடியில் அது சூடே ஆகாது, தரையோடு செத்துக் கிடக்கும், குழந்தை ஒரு ராலியைக்கூட (மாறி மாறி விடாமல் அடிப்பது) கட்ட முடியாமல் வெறுத்துப்போகும். நீலப் புள்ளியோ சிவப்புப் புள்ளியோ உள்ள பந்தில் ஆரம்பித்து, ராலி நீள நீள மாற்றிக்கொண்டு போங்கள்.

இனி ஆட்டத்துக்கு வருவோம், நான் கொஞ்சம் நின்று பேச நினைப்பது இங்கேதான். கோர்ட் 9.75 மீட்டர் நீளம், 6.4 மீட்டர் அகலம். நடுவில் கோடுகள் சந்திக்கிற 'டி'-யை யார் பிடித்து வைத்திருக்கிறாரோ அவர் கையில்தான் ஆட்டம். அங்கிருந்து எதிராளியை விரட்டுவதற்கு ஒரே நம்பகமான வழி, சுவரை ஒட்டி நேராகப் பின் மூலைக்குப் போகிற டிரைவ். ஜூனியரில் பல பிள்ளைகள் டிராப் (முன்சுவரை ஒட்டி மெதுவாக விழவைப்பது), நிக் (சுவரும் தரையும் சேர்கிற இடத்தில் அடிப்பது), ஏமாற்று ஷாட் என்று முன்னால் அடித்தே ஜெயித்துவிடுகிறார்கள், பார்க்க அழகாகவும் இருக்கும், அண்டர் 13 கோப்பையும் கிடைக்கும். சீனியரில் அந்த டிராப்பை எல்லோரும் எடுத்துத் திருப்பிவிடுவார்கள், அப்போது கையில் வேறு ஒன்றும் இருக்காது. அதனால் 12 வயதில் இருந்து 16 வரை தினமும் தனியாகக் கோர்ட்டில் நின்று நேர் டிரைவ் அடிக்க வேண்டும், ஃபோர்ஹேண்ட் இருபது நிமிடம், பேக்ஹேண்ட் இருபது நிமிடம். சர்வீஸ் பாக்ஸுக்குப் பின்னால் தரையில் ஒரு டேப்பை ஒட்டுங்கள். பந்து அதைத் தாண்டி விழுந்து இரண்டாவது துள்ளல் பின்சுவருக்கு அருகே முடிய வேண்டும், பக்கச் சுவரில் முன்கூட்டியே பட்டால் கணக்கில் சேராது. தவறாமல் ஐம்பது அடிக்கிற வரை டிராப் ஷாட்டைப் பற்றிப் பேச வேண்டாம் என்று ஒரு கோச் சொன்னால், அவரை விட்டுவிடாதீர்கள், நல்ல கோச்.

கால் வேலை அடுத்தது. பந்தே இல்லாமல் கோர்ட்டின் இரு பக்கமும் முன், நடு, பின் என்று ஆறு இடத்துக்கும் ஓடி ஷாட் அடிப்பது போலச் செய்து டி-க்குத் திரும்புகிற கோஸ்டிங் பயிற்சி பார்க்கச் சலிப்பாக இருக்கும், ஆனால் ஐந்தாவது கேமில் காப்பாற்றுவது அதுதான். ஒரு நிமிடம் செய்து ஒரு நிமிடம் ஓய்வு, பத்து முறை, வாரத்தில் மூன்று நாள் என்று பதினாலு வயதில் தொடங்கலாம். எடை தூக்குவதைப் பதினைந்து பதினாறில், தெரிந்தவர் மேற்பார்வையில் மட்டும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு காலை மடக்கிப் பாய்கிற விளையாட்டு இது, இடுப்பும் தொடையும் பலமாக இல்லாவிட்டால் முட்டிதான் விலை கொடுக்கும்.

சென்னை வெயிலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மே மாதத்தில் ஏசி இல்லாத கோர்ட்டில் பந்து எகிறிக் குதிக்கும், எந்த டிராப்பும் சாகாது, ராலி நீண்டுகொண்டே போகும். நம் பிள்ளைகளின் நுரையீரலுக்கும் காலுக்கும் இது பெரிய வரம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் ஜனவரியில் பிரிட்டிஷ் ஜூனியர் ஓப்பனுக்கு இங்கிலாந்து போனால் எல்லாம் தலைகீழ். குளிரில் பந்து எழும்பாது, தாழ்ந்து உட்கார்ந்து எடுக்க வேண்டும், இங்கே திருப்ப முடிந்த டிராப் எல்லாம் அங்கே செத்துவிடும். இதற்கு வீட்டுக்கு அருகிலேயே தயாராகலாம். மார்கழி விடியற்காலையில், பந்தைச் சூடாக்காமலே, கோர்ட்டின் முன்பாதிக்குள் மட்டும் கேம் ஆடவிடுங்கள். குனிந்து எடுக்கிற பழக்கம் தானாக வரும். தண்ணீர் மட்டும் குடித்து வெயிலைச் சமாளிக்க முடியாது, உப்புப் போட்ட மோரோ ஓஆர்எஸ்ஸோ பையில் இருக்கட்டும். சட்டை நனைந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள், தரையில் சொட்டிய வியர்வையில் வழுக்கி விழுந்தவர்கள் நிறைய.

விதிகளைப் பிள்ளைக்குப் படிக்கக் கொடுங்கள். எதிராளி வழியில் நிற்கும்போது லெட் (ராலியை மறுபடி ஆடுவது) எப்போது, ஸ்ட்ரோக் (புள்ளியே கிடைப்பது) எப்போது, எதற்கு ஒன்றுமே கிடையாது என்று தெரியாமல் நடுவரோடு வாதாடி நிதானத்தை இழக்கிற ஜூனியர்களை ஒவ்வொரு போட்டியிலும் பார்க்கலாம். நிதானம் எப்படி இருக்க வேண்டும் என்று காட்ட, 2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டு அணி இறுதியைப் போட்டுக் காட்டுங்கள். பாகிஸ்தானின் நூர் ஸமானுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் நம் சென்னைப் பையன் அபய் சிங் ஐந்தாவது கேமில் இரண்டு மேட்ச் பாயிண்டைக் காப்பாற்றி 12-10 என்று முடித்தார், தங்கம் அதில்தான் வந்தது. அந்த நேரத்தில் அவர் பெரிதாக எதையும் முயற்சி செய்கிறாரா என்று கவனிக்கச் சொல்லுங்கள். பந்தைப் பின்தொடராமல் ஆட்டக்காரரின் காலை மட்டும் பார்க்கச் சொன்னால் இன்னும் நல்லது.

மாநில சங்கத்திலும் தேசிய சம்மேளனத்திலும் பதிவு செய்தால்தான் ரேங்கிங் போட்டிகளில் ஆட முடியும். அண்டர் 11-ல் இருந்து அண்டர் 19 வரை இரண்டிரண்டு வயதாகப் பிரிவுகள். ரேங்கிங்குக்காக எல்லா ஊருக்கும் ஓட வேண்டாம், பயிற்சிக்கு இடமே இருக்காது.

இப்போது அந்த 19 வயது. இங்கே இரண்டு பாதை. ஒன்று, நேராக பிஎஸ்ஏ என்கிற உலகப் புரொபஷனல் ஸ்குவாஷ் சுற்றுக்குள் இறங்குவது. கீழ்மட்டத்து சேலஞ்சர் போட்டிகளில் மொத்தப் பரிசே 3,000 டாலர்தான், அதை ஆடுகிற எல்லோரும் பிரித்துக்கொள்ள வேண்டும். வென்றவருக்குக் கிடைப்பதே விமான டிக்கெட்டுக்குப் பற்றாது. அதனால் முதல் சில வருடங்கள் இது சம்பாதிக்கிற தொழில் இல்லை, முதலீடு என்று வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகே இறங்குங்கள். சென்னை, மும்பை என்று இந்தியாவிலேயே நடக்கும் சேலஞ்சர் போட்டிகளை முதலில் ஆடிப் புள்ளி சேருங்கள். பிறகு ஐரோப்பாவில் மூன்று நான்கு போட்டிகளை ஒரே பயணத்தில் கோர்த்துக்கொள்ளுங்கள், ஒன்றுக்கு மட்டும் போய் முதல் சுற்றில் தோற்றுத் திரும்புவதில் பணமும் மனமும் கரையும். ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து கிளப் லீக்குகளில் இடம் கிடைத்தால் ஒவ்வொரு மேட்சுக்கும் பணம் தருவார்கள், பலருடைய பயணச் செலவு அதில்தான் ஓடுகிறது. தமிழக விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் உதவித் திட்டங்கள் இருக்கின்றன, பதக்கம் வந்த கையோடு சான்றிதழ்களை ஒழுங்காகக் கோப்பில் போட்டு வைத்து விண்ணப்பியுங்கள். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடும் உண்டு.

இன்னொரு பாதை அமெரிக்கக் கல்லூரி. நம் வீடுகளுக்கு இதுதான் பெரும்பாலும் பொருந்தும் என்பது என் கருத்து. நான்கு முறை உலகச் சாம்பியனான எகிப்தின் அலி ஃபராக் ஹார்வர்டில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். சேலத்தில் இருந்து வந்த வேலவன் செந்தில்குமார் கொலம்பியாவில் படித்துவிட்டுத்தான் முழுநேரமாக இறங்கினார். படிப்பா ஆட்டமா என்று பன்னிரண்டாம் வகுப்பில் வீட்டில் சண்டை போட வேண்டிய அவசியமே இல்லை என்பதற்கு இவர்களே சாட்சி. ஹார்வர்ட், கொலம்பியா மாதிரி ஐவி லீக் இடங்களில் விளையாட்டுக்கென்று தனி உதவித்தொகை கிடையாது, குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி. கோச்சுகளுக்கு மெயில் எழுதுவதையும் வீடியோ அனுப்புவதையும் பத்தாம் வகுப்பு முடிந்ததுமே தொடங்கிவிடுங்கள். பத்தாவது, பிளஸ் டூ மதிப்பெண்ணையும் அவர்கள் பார்ப்பார்கள்.

நடுவில் காயம் வரும். மலேசியத் தமிழ்ப் பெண் சிவசங்கரி சுப்ரமணியம் 2022-ல் கார் விபத்தில் படுகாயமடைந்தவர். அடுத்த வருடமே ஹாங்சோவில் தனிநபர் தங்கம், 2024-ல் லண்டன் கிளாசிக் பட்டம். அப்படித் திரும்பி வருவதற்குப் பொறுமையாக மறுவாழ்வுப் பயிற்சி செய்ய வேண்டும். பிசியோவுக்கான பணத்தை வருடத் திட்டத்திலேயே ஒதுக்கி வையுங்கள், அடிபட்ட பிறகு தேடாதீர்கள்.

23, 24 வயதில் தொடர்வதா என்ற கேள்வி வரும்போது ரேங்கிங் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். தன்னை விட ஐம்பது அறுபது இடம் மேலே உள்ளவர்களோடு ஆடிய மேட்சுகளை எடுத்துப் பாருங்கள். போன வருடம் 3-0 என்று தோற்றவர் இந்த வருடம் 3-1, 3-2 என்று தோற்கிறார், மேட்ச் அறுபது எழுபது நிமிடம் போகிறது என்றால் இன்னும் இரண்டு வருடம் கொடுங்கள். ஸ்கோரும் நேரமும் இரண்டு வருடமாக அசையவே இல்லை என்றால் பயிற்சி முறையை மாற்றியாக வேண்டும், அல்லது கோச்சிங் பக்கம் யோசிக்கலாம். இன்னொன்று, டபுள்ஸை ஒதுக்காதீர்கள். 2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த்தில் ஜோஷ்னாவும் தீபிகாவும் தங்கம் வாங்கியது அதில்தான், ஹாங்சோவில் தீபிகாவும் ஹரிந்தர் பால் சந்துவும் கலப்பு இரட்டையர் தங்கம் எடுத்ததும் அப்படித்தான். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் முதல் முறையாக வருகிறது, அங்கே ஒற்றையர் மட்டும்தான் என்றாலும் ஆசிய விளையாட்டிலும் காமன்வெல்த்திலும் டபுள்ஸ் பதக்கத்துக்கு அதே மதிப்பு இருந்திருக்கிறது. நான்கு பேர் ஒரே கோர்ட்டில் நிற்கும்போது எங்கே விலகுவது, எந்தப் பந்து யாருடையது என்பதெல்லாம் தனிப் பழக்கம், 17 வயதில் வாரம் ஒரு நாளாவது ஒரே ஜோடியோடு ஆட ஆரம்பித்துவிடுங்கள்.