பானைக் காந்தலைத் தேதிக்கு அனுப்பும் முன்

ஸ்காண்டிநேவியத் தொல்லியலுக்குப் புதிதாக வருபவர்கள் வருஷா வருஷம் ஒரே இடங்களில்தான் வழுக்குகிறார்கள், நாங்களும் வழுக்கிய இடங்கள்தான் அவை. வைக்கிங் தலையில் கொம்பு வரைவது மாதிரியானவற்றை விட்டுவிடுகிறேன், அதைத் திருத்த ஏற்கெனவே ஏகப்பட்ட பேர் இருக்கிறார்கள்.

வாள் இருந்தால் ஆண்

ஸ்வீடனில் வைக்கிங் கால ஊரான பிர்காவில் 1878-இல் தோண்டிய 581-ஆம் எண் கல்லறையில் வாள், கோடரி, இரண்டு குதிரைகள். ஆண் வீரர் என்றே எழுதிவந்தார்கள். எலும்பைப் பார்த்தவர்களுக்கு முன்பே சந்தேகம் இருந்தது. 2017-இல் டிஎன்ஏ சோதனை பெண் என்று உறுதி செய்தது.

ஈர மரம்

நீரில் ஊறிப் புதைந்து கிடைத்த மரத்தைக் காய விடாதீர்கள்.

காந்தலை மட்டும் நம்புவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான். எர்டெபெல்லே மக்கள் கிமு 5400 வாக்கிலிருந்து கிமு 3950 வரை டென்மார்க், தென் ஸ்வீடன், வட ஜெர்மனிப் பகுதிகளில் வேட்டையாடி, மீன் பிடித்து வாழ்ந்தவர்கள். அவர்களுடைய பானை ஓடுகளின் உட்புறத்தில் அடிப்பிடித்த காந்தல் இன்னும் இருக்கிறது. அதைச் சுரண்டி கார்பன்-14 சோதனைக்கு (கார்பன்-14 எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து வயது சொல்வது) அனுப்பினால் பானையின் வயதே வந்துவிடும் என்று ஆசை.

ஒரு மாணவருக்கு அப்படி வந்த தேதி, அதே அடுக்கின் மற்றத் தேதிகளைவிட சில நூறு வருஷம் பழையது. 'இப்பகுதியின் மிகப் பழைய பானை' என்று தலைப்பே எழுதிவிட்டார். மிச்சமிருந்த காந்தலை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தால், கரிக்குள் பாதி புதைந்து ஒரு மீன் செதில், வளர்ச்சிக் கோடுகள் கூடத் தெரிகின்றன.

சுண்ணாம்புப் பாறை கரைந்த ஆற்று நீரில் இருக்கும் கார்பனில் கார்பன்-14 அழிந்து எத்தனையோ காலம் ஆகியிருக்கும். அதை நீர்த்தாவரம் எடுத்துக்கொள்ள, மீன் தின்ன, பானைக்குள் வந்து சேர்கிறது, தேதியும் உண்மையைவிடப் பழையதாக வருகிறது. கடல் மீனால் ஏறக்குறைய 400 வருஷம் கூடுதலாகக் காட்டும் என்று ஒரு கணக்கு உண்டு, பால்டிக்கில் அதுவும் குறையும்; நன்னீருக்கு ஆற்றுக்கு ஆறு மாறும். உணவு கடலிலிருந்தா நிலத்திலிருந்தா என்று காட்டும் கார்பன்-13 அளவு நிலத்து உணவு போலத் தெரிகிறதே என்று திருத்தாமல் விடுபவர்கள்தான் அதிகம், நன்னீர் மீனும் அப்படியே தெரியும் என்பதை மறந்து.

மனித எலும்பிலும் இதே கதை. இங்கிலாந்தின் ரெப்டனில் குறைந்தது 264 பேரின் எலும்புகள் ஒரே இடத்தில். 873-74 குளிர்காலத்தில் அங்கே தங்கிய வைக்கிங் படை என்று காசுகள் சொல்ல, கார்பன் தேதிகளில் சில இருநூறு வருஷம் வரை முந்திப் போயின. மீன் உணவைக் கணக்கில் சேர்த்தபின், 2018-இல்தான் பொருந்தியது.

அதே அடுக்கிலிருந்து ஹேசல் கொட்டையின் ஓடு ஒன்றையும் சேர்த்து அனுப்பச் சொல்வேன். நிலத்தில் ஒரே பருவத்தில் விளைந்தது, மீன் வம்பு இல்லை. சுரண்டித் தீர்ந்த காந்தல் திரும்ப வராது, செலவழித்த பணமும்தான்.

வயல் தண்ணீர்

டென்மார்க்கில் 1921-இல் கிடைத்த வெண்கலக் கால எக்ட்வெட் பெண் வெகு தொலைவிலிருந்து வந்தவர் என்று 2015-இல் ஸ்ட்ரோன்ஷியம் ஆய்வு (உடலில் சேர்ந்த ஸ்ட்ரோன்ஷியத்தை அந்தந்த ஊர் நீரோடு ஒப்பிடுவது) சொன்னது. விவசாயிகள் போட்ட சுண்ணாம்பு அங்குள்ள நீரின் அளவையே மாற்றியிருக்கிறது, அவர் உள்ளூர்க்காரராகவே இருக்கலாம் என்று 2019-இல் மறுப்பு வந்தது. ஒப்பீட்டு நீரை எங்கே எடுத்தீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

கரித்துண்டு

கரி பெரிய மரத்தின் நடு வளையத்திலிருந்து வந்திருந்தால், அதன் தேதி வெட்டிய வருஷத்தைவிட நூறு வருஷம் கூட மூத்திருக்கும். பட்டையை ஒட்டிய வளையத்தைத் தேடுங்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் வைக்கிங்குகள் தங்கிய லான்ஸ் ஓ மெடோஸில், 993-இல் கார்பன்-14 எகிறிய வளையத்திலிருந்து பட்டை வரை எண்ணித்தான் மரம் வெட்டிய ஆண்டு 1021 என்று துல்லியமாகச் சொன்னார்கள்.