மாமர நிழலில் மஞ்சளும் கூவையும்: தோட்டம் போடும் முறை

மாமரத்தடியில் எது வைத்தாலும் வராது என்பார்கள். மரம் ஓய்வெடுக்கும் பருவத்தில் தானும் ஓய்வெடுக்கும் செடியை வைத்தால் நன்றாகவே வரும். பூவெடுக்கும் முன் மாமரத்துக்கு மண் காய வேண்டும். மஞ்சள், கூவைக்கிழங்கு (ஆரோரூட்), வாசனைக் கிழங்கான கச்சோலம் மூன்றும் மார்கழி, தை வாக்கில் இலை பழுத்து அடங்கிவிடும். ஆண்டு முழுக்கத் தண்ணீர் கேட்கும் பெரணியை (ஃபெர்ன்) வைத்து அந்த மாதங்களிலும் தினமும் ஊற்றினால், மரம் பூவுக்குப் பதிலாகக் கொழுந்துதான் விடும். பெரணி வேண்டுமென்றால் தொட்டியில் வையுங்கள்.

ஆடி: கிளை கழித்தல். காய்ப்பு முடிந்ததும் 7 அடிக்குக் கீழே தொங்கும் கிளைகளையும் உள்ளே அடைத்து நிற்பவற்றையும் எடுங்கள். மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் வேண்டாம். நண்பகலில் தரையில் காசு காசாக வெயில் விழுந்தால் போதும். கிளையின் அடிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, பிறகு மேலிருந்து அறுங்கள். இல்லையென்றால் பட்டை உரிந்து வரும். வெட்டிய இடத்தில் பூஞ்சை வராமல் போர்டோ பசை பூச வேண்டும்: 100 கிராம் மயில்துத்தம் அரை லிட்டர் நீரில், 100 கிராம் சுண்ணாம்பு அரை லிட்டர் நீரில். இரண்டையும் தனித்தனியே கரைத்துப் பிளாஸ்டிக் வாளியில் ஒன்றாகக் கலக்குங்கள், இரும்பு ஆகாது.

தரை. பலரும் கெடுப்பது இங்கேதான். வெளிமண் கொட்டி மேடாக்காதீர்கள்; மேலாக ஓடும் உறிஞ்சு வேர்கள் மூச்சுமுட்டி மரமே வாடும். மண்வெட்டியும் வேண்டாம். விழுந்த சருகையே 3 அங்குலம் பரப்பிச் சாணிக்கரைசல் தெளியுங்கள். மாவிலை மக்க நாளாகும், வைகாசி வரை விடுங்கள். அடிமரத்தைச் சுற்றி ஓரடி வெறுமையாக இருக்கட்டும். சருகு ஒட்டினால் பட்டை அழுகும், கரையான் ஏறும்.

வைகாசி: நடவு. அடிமரத்திலிருந்து 4 அடி தள்ளி, கைக்கரண்டியால் அரையடிக் குழி. தடித்த வேர் தட்டினால் குழியை நகர்த்துங்கள், வேரை வெட்டாதீர்கள். குழிக்கு இரண்டு கைப்பிடி மக்கிய எரு. அடர்நிழலில் கூவை, ஒன்றரை அடி இடைவெளி. வெளிச்சம் கூடிய வெளிவட்டத்தில் மஞ்சள்: 30 கிராம் விரலி, முளை மேல்நோக்கி, 2 அங்குல ஆழம், ஓரடி இடைவெளி. தரையோடு படரும் கச்சோலம் பாதையோரம்.

தண்ணீர். சிறுதூறலை இலைக்கூரையே பிடித்துக்கொள்ளும். மழை பெய்தது என்று நம்பி விடாதீர்கள். சருகை விலக்கி விரலை விட்டுப் பாருங்கள், 2 அங்குலம் காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் நிறுத்திவிடுங்கள். பிஞ்சு பட்டாணி அளவு வந்த பிறகே மறுபடி நீர்.

மழைக்காலத்தில் ஆப்பிரிக்க நத்தை ஈரச்சருகில் பதுங்கும். மாலையில் நனைத்த சாக்கின் அடியில் பப்பாளி இலை போட்டு வையுங்கள்; விடியலில் கையுறையோடு பொறுக்கி உப்புநீரில் போடுங்கள்.

மாசியில் கிழங்கு எடுக்கலாம். திறந்த வயல் அளவுக்கு மஞ்சள் விளையாது. கொத்தாமல் கைக்கரண்டியால் நெம்பி எடுத்து, குழியை அதே சருகால் மூடுங்கள்.