தேனீக்கு மணம் பழக்குவது எப்படி?

பொள்ளாச்சி, உடுமலைத் தோப்புகளில் வைக்கிற பெட்டித் தேனீயே போதும். மணம் வந்தால் சர்க்கரை வரும் என்று அதன் மூளையின் ஏற்பிகள் (நரம்பணுக்களில் வேதிச் செய்தியை வாங்கும் புரதங்கள்) பாடம் படிப்பதை ஒரு முற்பகலில் பார்த்துவிடலாம்.

காலையில் பெட்டி வாசலில் பத்துத் தேனீக்களைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து ஐஸில் வையுங்க. அசைவு நின்றதும் எடுத்துவிடணும். ரொம்பக் குளிர்ந்தால் ஞாபகம் கெடும். 3 செ.மீ. ஜூஸ் குழாய்த் துண்டில் ஒவ்வொன்றாக இறக்கி, கழுத்துக்குப் பின்னால் மெல்லிய டேப் ஒட்டுங்க. உணர்கொம்பும் உறிஞ்சுகுழலும் தாராளமாக அசையணும். 2 மணி நேரம் பட்டினி. பிறகு சர்க்கரைத் தண்ணீரை உணர்கொம்பில் தொட்டுப் பாருங்க. குழலை நீட்டாததை ஒதுக்கிடுங்க.

தண்ணீருக்குச் சம எடை வெள்ளைச் சர்க்கரை. நம்ம பக்கத்து நாட்டுச் சர்க்கரை வேண்டாம், தேனும் வேண்டாம். அவற்றின் சொந்த வாசத்தைத் தேனீ படித்துக்கொள்ளும். மணத்துக்குக் கிராம்பு எண்ணெய்தான் என் தேர்வு. தென்னம்பூ வாசமெல்லாம் அதற்கு முன்பே பழக்கம். வடிதாளில் ஒரு சொட்டு விட்டு 20 மில்லி சிரிஞ்சுக்குள் வையுங்க.

பலரும் சறுக்குவது அடுத்த படியில். மணத்தை 4 விநாடி ஊதணும். 3ஆம் விநாடியில் பல்குச்சி நுனிச் சர்க்கரையை உணர்கொம்பில் தொட்டு, குழல் நீண்டதும் 3 விநாடி நக்கவிடணும். மணம் பட்டதும் மூளையில் மணங்களைக் கற்கும் பகுதியான காளான் உடலில், அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்திப் பொருளின் ஏற்பிகள் திறந்து, நரம்பணுவுக்குள் கால்சியம் ஏறும். சர்க்கரை ருசித்ததும் ஆக்டோபமைன் என்ற இன்னொரு செய்திப் பொருள் சுரந்து தன் ஏற்பியில் அமர்ந்து, ஞாபகம் பதியத் தூண்டும் சமிக்ஞையை உண்டாக்குகிற அடினைலேட் சைக்ளேஸ் நொதியை முடுக்கும். கால்சியம் ஏறியிருக்கும்போதே ஆக்டோபமைனும் வந்தால்தான் அந்த நொதி முழு வேகத்தில் ஓடும். 1993இல் தேனீ ஆய்வாளர் மார்ட்டின் ஹாமர் சர்க்கரையே கொடுக்காமல், ஆக்டோபமைன் சுரக்கும் வகை நரம்பணு ஒன்றை மட்டும் மின்சாரத்தால் தூண்டினார். மணம் முந்தி, தூண்டல் பிந்தினால் தேனீ கற்றது. மாற்றிச் செய்தால் கற்கவில்லை. நீங்களும் நாலு தேனீக்குச் சர்க்கரையை முதலில் கொடுத்து ஒப்பிட்டுப் பாருங்க.

10 நிமிட இடைவெளியில் 3 முறை. அவசரப்பட்டு நிமிடத்துக்கு ஒருமுறை கொடுத்தால் மறுநாள் ஞாபகம் பலவீனமாகத்தான் இருக்கும். சாயங்காலம் வயிறார ஊட்டி, ஈரத்துணி போட்ட டப்பாவில் இருட்டில் வைத்து, காலையில் மணத்தை மட்டும் ஊதுங்க. குழல் நீண்டால் பாடம் தங்கிவிட்டது.

பின்சேர்க்கை: வெறும் காற்றுக்கே குழல் நீட்டுகிறது என்று கேட்டவர்களுக்கு. மேல் ஃபேனை நிறுத்துங்க. தேனீக்குப் பின்னால் சின்ன கம்ப்யூட்டர் ஃபேனை, காற்றை இழுத்து வெளியே தள்ளும்படி வையுங்க; இல்லையென்றால் மணம் அறையிலேயே தேங்கி, 4 விநாடிக் கணக்கே குலையும். அந்தக் காற்றோட்டத்தில் 15 விநாடி அமரவிட்டுப் பிறகு மணம் ஊதுங்க. இடையிடையே காலி சிரிஞ்சையும் ஊதிப் பாருங்க. அதற்கும் குழல் நீண்டால் தேனீ படித்தது காற்றடிப்பைத்தான். அதைக் கணக்கில் சேர்க்காதீங்க.