கால் எலும்பில் தாடை: வீட்டாருக்கான வழிகாட்டி

வாய்ப் புற்றுநோய் கீழ்த்தாடை எலும்புக்குள் இறங்கியிருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, காலின் வெளிப்பக்கம் இருக்கும் மெல்லிய ஃபிபுலா எலும்பை அங்கே வைப்பார்கள். உடல் எடையைப் பெரும்பாலும் பக்கத்து எலும்பான டிபியாவே தாங்குவதால், 20 செ.மீ. எடுத்தாலும் நடக்க முடியும். கணுக்கால் ஆடாமல் நிற்பதற்காக அடியில் 6 முதல் 8 செ.மீ. எலும்பை விட்டுவிடுவார்கள்.

அறுவைக்கு முன்பே காலுக்கு சி.டி. ஆஞ்சியோகிராம் (ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்) எடுத்தாயிற்றா என்று கேளுங்கள். காலில் இறங்கும் 3 தமனிகளில் பெரோனியல் தமனி எலும்போடு போய்விடும். சிலருக்குப் பிறவியிலேயே பாதத்துக்கு முக்கிய ரத்தம் தருவது அதுதான். அந்தக் காலைத் தொடக்கூடாது. பழைய எலும்பு முறிவோ நடந்தால் கெண்டைக்கால் வலியோ இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். புகையிலையை எந்த வடிவிலும் உடனே நிறுத்த வேண்டும். நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும்.

எலும்பைத் துண்டுகளாக்கித் தாடையின் வளைவுக்கு ஏற்ப டைட்டானியம் தகட்டில் திருகிப் பொருத்துவார்கள். துண்டு 2 செ.மீ.க்கும் குறைந்தால் அதன் ரத்த ஓட்டம் கெடும். பிறகு எலும்போடு வந்த ரத்தக்குழாய்களைக் கழுத்துத் தமனியோடும் சிரையோடும் மைக்ரோஸ்கோப் வழியே பார்த்து, முடியைவிட மெல்லிய நூலால் தைப்பார்கள்.

எல்லாமே அந்தத் தையலில்தான் இருக்கிறது. முதல் 2, 3 நாட்கள் எலும்போடு சேர்த்துக் காலிலிருந்து எடுத்து வாயில் வைத்த தோல் திட்டைச் செவிலியர் அடிக்கடி பார்ப்பார். இரவில் எழுப்பினாலும் தடுக்காதீர்கள். திட்டு நீலம் பாய்ந்து வீங்கினால் சிரை அடைத்திருக்கலாம். வெளுத்துக் குளிர்ந்தால் தமனி. இரண்டில் எது தெரிந்தாலும் காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காமல் அந்த நிமிடமே சொல்லுங்கள். சில மணி நேரத்துக்குள் மறுபடி திறந்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம், தாமதித்தால் திட்டு முழுவதும் செத்துவிடும். கழுத்தை இறுக்கும் எதுவும் கூடாது: டிராக்கியாஸ்டமி (மூச்சுவிடக் கழுத்தில் வைக்கும் குழாய்) நாடா, ஆக்சிஜன் மாஸ்க் பட்டை, ஒரே பக்கம் சாய்ந்து படுப்பது உட்பட.

உணவு மூக்குக் குழாய் வழியே, குறைந்தது ஒரு வாரத்துக்கு. ஆசைக்கு ஒரு வாய் கொடுத்தாலும் உள்தையல் வழியே எச்சில் கழுத்துக்குள் கசிந்து சீழ் பிடிக்கலாம். பின்னர் வாயால் சாப்பிடும்போது சூடு பாருங்கள்: கால் தோலுக்கு அங்கே உணர்ச்சி இல்லை, வெந்தாலும் தெரியாது. அதில் முடியும் முளைக்கலாம், பயப்பட வேண்டாம்.

காலில் தோல் ஒட்டு வைத்திருந்தால் அது பிடிக்கும்வரை ஸ்பிளின்ட் (கால் அசையாமல் தாங்கும் கட்டு) இருக்கும். அதன்பின் துணையோடு நடக்கலாம். பெருவிரலை மடக்கும் வலு குறையும். விரலை மேலும் கீழும் அசைக்கும் பயிற்சி இறுகிப்போவதைத் தடுக்கும்.

கதிர்வீச்சு தேவைப்பட்டால் அறுவை முடிந்து 6 வாரத்துக்குள் தொடங்குவதே நல்லது. வாய் திறக்கும் பயிற்சியைக் கதிர்வீச்சு முடிந்த பிறகும் விடாதீர்கள், தசை இறுகுவது மாதங்கள் கழித்தும் தொடரும். புதிய எலும்பில் இம்பிளான்ட் பல் பொருத்தும் எண்ணம் இருந்தால் அறுவைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். எலும்பை வைக்கும் உயரமும் கோணமும் அதைப் பொறுத்தே முடிவாகும்.