இடப்பக்க ஸ்பீக்கர் ஊமையானபோது

எங்கள் பழைய ஸ்டீரியோவில் இடப்பக்கச் சத்தம் திடீரென்று நின்றுவிட்டது. ஸ்பீக்கர் போய்விட்டது, புதிதாக வாங்கிவிடலாம் என்று வீட்டில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். ஸ்பீக்கர் அவ்வளவு சுலபத்தில் போகாது என்பது என் கட்சி.

ஸ்விட்சை அணைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் இடது, வலது ஸ்பீக்கர் வயர்களை மாற்றிச் சொருகினேன். இப்போது இடது பாடியது, வலது ஊமை. ஆக, ஸ்பீக்கரும் வயரும் நலம். அடுத்து, பாட்டு உள்ளே வரும் சிவப்பு, வெள்ளை பின்களை இடம் மாற்றினேன். ஊமை அதே பக்கத்தில்தான் நின்றது. கோளாறு ஆம்ப்ளிஃபயருக்குள்.

முன்பக்க ஹெட்ஃபோன் துளையில் பின்னைச் சொருகி இழுத்தபோது ‘கரக்’ என்றது. ஒரு நொடி பாட்டு, மறுபடி மௌனம். பல பழைய ஆம்ப்ளிஃபயர்களில் ஸ்பீக்கருக்கான ஒலி அந்தத் துளைக்குள் இருக்கும் மெல்லிய தகடுகளின் வழியாகத்தான் போகிறது. ஹெட்ஃபோனைச் சொருகினால் அவை பிரியும், எடுத்தால் சேர வேண்டும். கடற்காற்று அடிக்கும் ஊரில் தகடு கறுக்காமல் என்ன செய்யும்?

மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, எலெக்ட்ரானிக் கடையில் விற்கும், மின் முனைகளின் அழுக்கை நீக்கும் கான்டாக்ட் கிளீனரைத் துளைக்குள் சிறிது பீய்ச்சி, ஹெட்ஃபோன் பின்னைப் பலமுறை சொருகி எடுத்தேன். நன்றாக உலரவிட்டுப் போட்டதும் இரண்டு பக்கமும் ஒலித்தன. தேங்காய் எண்ணெய் வைத்தியம் மட்டும் வேண்டாம், தூசியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மிச்சமிருந்த கிளீனர், கரகரத்துக்கொண்டிருந்த வால்யூம் குமிழுக்கு உதவியது.