புது ஆல்பம் விமர்சனமா? மதிப்பெண்ணை மட்டும் பார்க்காதீர்கள்

ஆல்பத்துக்கு 7.2 என்று பார்த்ததும் பள்ளிக்கூடக் கணக்குப்படி முதல் வகுப்பு என்று நினைத்துவிடுகிறோம். பிட்ச்ஃபோர்க் என்ற அமெரிக்க இசை விமர்சனத் தளம் 0.0 முதல் 10.0 வரை தசமத்தோடு மதிப்பெண் போடுகிறது, ஆனால் அங்கே பெரும்பாலான ஆல்பங்கள் ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில்தான் வந்து விழும், அதனால் 7.2 என்றால் ‘பரவாயில்லை, கேட்கலாம்’ அவ்வளவுதான்.

விமர்சனங்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளம் வேறு மாதிரி. பல விமர்சகர்கள் கொடுத்ததை எல்லாம் 100க்கு மாற்றி, சில பத்திரிகைகளுக்குக் கூடுதல் எடை வைத்துச் சராசரி எடுக்கிறார்கள். ஒருவர் ‘பி’ கிரேடு கொடுத்தால் அது 75 ஆகிவிடும் (கொடுத்தவர் மனதில் 75 இருந்ததா என்பது அவருக்கே வெளிச்சம்). எல்லோரும் 80 கொடுத்தாலும் 80தான், பாதிப்பேர் தலையில் தூக்கி வைத்து 100 கொடுத்து மீதிப்பேர் 60 போட்டாலும் கிட்டத்தட்ட அதே 80தான். எனக்கு இரண்டாவது ரகம்தான் பிடிக்கும். அதனால் சராசரியை விட்டுவிட்டுத் தனித்தனி மதிப்பெண்களைப் பாருங்கள்.

அப்புறம், விமர்சனம் வந்த தேதியையும் பாருங்கள். பிரெஞ்சு எலக்ட்ரானிக் இசை இரட்டையர் டாஃப்ட் பங்க்கின் ‘டிஸ்கவரி’ ஆல்பத்துக்கு 2001இல் பிட்ச்ஃபோர்க் கொடுத்தது 6.4, அதே இடத்தில் 2021இல் திருத்திப் போட்டது 10!

சரி, என்னதான் செய்வது? அதிகம் கொடுத்தவர் ஒன்று, குறைவாகக் கொடுத்தவர் ஒன்று, இரண்டே விமர்சனம் படியுங்கள். குறைத்தவர் ‘எங்கே பார்த்தாலும் சின்த்’ (சின்தசைசர் ஒலி) என்று திட்டியிருந்தால், சின்த் பிடித்தவர் யோசிக்காமல் ஹெட்ஃபோனை மாட்டலாம்.